நடுவில் விழுந்த பந்து

அலெக்ஸாந்திரியா,
பிப்ரவரி, மழை விட்ட ஒரு காலை

அன்புச் சகோதரர் வஜீஹ் அவர்களுக்கு,

முனீரா எழுதுகிறேன். நீங்களும் மார்செல் அண்ணியும், மகன், மருமகள், பேரன் எல்லோரும் அந்த டொரண்டோ பனியிலும் உடம்பு நோகாமல் இருக்க இறைவன் துணை இருக்கட்டும். நாங்களும் இருக்கிறோம். சுகமா என்று கேட்காதீர்கள், அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பீர்கள். போனில் பேசினால் என் வீட்டுக்காரர், அதுதான் உங்கள் கேப்டன், காதில் விழுந்துவிடும். முன்பெல்லாம் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காத மனிதர், இப்போது நான் அடுப்படியில் பெருமூச்சு விட்டால் பால்கனியிலிருந்து என்ன என்று கேட்கிறார். அதனால்தான் அங்கே வரும் என் தங்கை மகள் தாலியா கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே காய்ந்த முலூகிய்யா கீரையும், இடித்த துக்கா பொடியும் இருக்கும். அவற்றை அண்ணியிடம் கொடுத்துவிடுங்கள், கடிதத்தை மட்டும் நீங்கள் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

அண்ணி தாலியாவிடம் போனில் சொன்னது என் காதுக்கு வந்தது. "வஜீஹ் ரொம்ப மனசு ஒடஞ்சு போயிருக்காரு. கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஆசையா வீடியோவில கூப்பிட்டு பேரன் கதை சொல்லிட்டிருக்காரு, கேப்டன் பாட்டுக்கு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. நாப்பது வருஷப் பழக்கம், அவ்வளவுதானா?" என்றாராம். அதிலிருந்து நீங்கள் கூப்பிடுவதில்லை. அவரும் கூப்பிடுவதில்லை. அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது அண்ணா, ஆனால் ஒழுங்காக முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நம் கோல்ஃப் கிளப்பில் எல்லாம் பழையபடிதான். காலையில் ஓய்வு பெற்றவர்கள் கூட்டம் குதிரைப் பந்தயப் பாதையைச் சுற்றி நடக்கிறது. கால் நடப்பதைவிட வாய்தான் அதிகம் நடக்கிறது. நவம்பரில் வருஷா வருஷம் ஊரைப் பெருக்கிப் போகும் 'துடைப்பம்' புயலில் நம் வழக்கமான மேசைக்கு மேலிருந்த கூரைத் துணி கிழிந்தது, இன்னும் மாற்றவில்லை. ஃபுவாத் மருந்துக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். ஆனாலும் தினமும் கடைக்குப் போய் மகனைத் திட்டிவிட்டுத்தான் கோல்ஃபுக்கு வருகிறார். ஆட்டத்தில் உங்கள் இடத்தில் அத்ஹம் என்று ஓய்வு பெற்ற ஜெனரல் ஒருவர் சேர்ந்திருக்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் சர்க்கரை போட்ட தேநீரைக்கூட விறைப்பாக நின்றுதான் குடிப்பார்.

டிசம்பரில் பெரியவர்களை எல்லாம் கிளப்பிலிருந்து லக்ஸருக்குக் கூட்டிப் போனார்கள். ரயிலில் போய், கோயில்கள் பார்த்து, படகில் சுற்றி, அங்கே ஒரு நாள் கோல்ஃப். கோயில்களில் உங்கள் கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். மற்ற மனைவிமார், "வயசான காலத்துல காதலைப் பாரு," என்று கேலி செய்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாணமான புதிதிலேயே பிடிக்காத கை அது. அது காதல் இல்லை, படிக்கட்டு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கோல்ஃப் அன்று நாங்கள் பெண்கள் நிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். திடலில் அவர் நடந்துபோய் ஒரு பந்தை அடித்தார். அது அத்ஹமுடைய பந்து. தன் பந்தில் பச்சைப் புள்ளி வைப்பது உங்கள் கேப்டன் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் அதைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருந்தவர். இந்தப் பந்தில் அந்தப் புள்ளி இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. ஜெனரல் சும்மா விடுவாரா? "கேப்டன், அது என் பந்து. அடுத்தவன் பந்தை அடிச்சா ரெண்டு அடி தண்டம். கண்ணு தெரியலைன்னா சொல்லுங்க, கூட ஒரு ஆள் வச்சுக்கலாம்," என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதில் தப்பு ஒன்றும் இல்லை, விதி விதிதான். உங்கள் கேப்டனும் அதையே சொல்லிக் கை குலுக்கினார். மட்டையைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

நடந்தது எங்கள் பக்கம் இல்லை. திடலைத் தாண்டி இருந்த கரும்புக் காட்டுக்குள்.

எத்தனையோ கப்பல்களைத் துறைமுக வாய்க்குள் உரசாமல் கொண்டுவந்து நிறுத்திய மனிதர். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். கரும்புக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். என் காலடி கேட்டதும், "கரும்பு வாசம் நல்லாருக்குல்ல? பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார். "ஆமா, நல்லாருக்கு," என்றேன். வேறு என்ன சொல்வது? இருவரும் கொஞ்ச நேரம் கரும்பைப் பார்ப்பது போல நின்றுவிட்டு, கை கோத்துக்கொண்டு வந்தோம். அந்தப் பெண்கள் மறுபடியும் சிரித்தார்கள்.

திரும்பும் ரயிலில் எல்லாவற்றையும் கொட்டினார். இரண்டு வருஷமாக நடுப்பார்வை தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. போன வருஷம் காரை விற்றது, நிறுத்த இடமில்லை என்பதற்காக இல்லை. காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியது, நான் நினைத்தது போல அலட்சியம் இல்லை. வீட்டில் இருந்த எனக்கே தெரியவில்லை என்றால் போனில் "நேத்து பிரமாதமா ஆடினேன்டா" என்று கேட்ட உங்களுக்கு எப்படித் தெரியும்? டாக்டரிடம் போனோம். நடுவில் போனது திரும்பாதாம், ஓரப் பார்வை மிஞ்சும், அதை வைத்து நடமாடப் பழக வேண்டும் என்றார்.

ஆனால் ரயிலில் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை இன்னும் தூங்க விடவில்லை. அதை அப்படியே எழுதுகிறேன். "ஃபுவாத்துக்கு ரொம்ப நாளாத் தெரியும் முனீரா. நான் எங்க அடிச்சாலும் 'நடுவுல விழுந்திருக்கு கேப்டன், அற்புதம்'ங்கிறான். எவன் பந்து தினமும் நடுவுல விழுந்திருக்கு? மணல் குழியில போயி விழுந்ததை அவன் காலால தள்ளி வைக்கிற சத்தம்கூட எனக்குக் கேக்குது. வஜீஹ் இருந்திருந்தா, 'டேய் கழுதை, கொண்டுபோயி மணல்ல பொதச்சிட்டியேடா'ன்னு காது கிழியக் கத்தியிருப்பான். அப்ப நான் ஆடியிருப்பேன்."

ஃபுவாத்தைக் குறை சொல்ல மாட்டேன், பாசத்தில் செய்தார். நானும் இப்போது ஃபுவாத் மாதிரிதான் ஆகிவிட்டேன். சட்டையில் கறை இருந்தால் சுத்தமாக இருக்கிறது என்கிறேன். அவர் சவரம் செய்ததில் பாதி தாடி நின்றாலும் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்கிறேன். நாள் முழுக்க நான் சொல்வதெல்லாம் நடுவில்தான் விழுகிறது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன் அண்ணா. வேலை செய்து இந்த அளவு களைத்ததில்லை.

லக்ஸரிலிருந்து வந்ததும் மட்டைப் பையைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் வைத்தார், மறுபடி தொடவில்லை. கிளப் பக்கம் போகவில்லை. பால்கனியில் உட்கார்ந்து ஊதல் சத்தத்தை வைத்தே எந்த மாதிரிக் கப்பல் என்று சொல்கிறார். அது சலித்தால் என் பின்னாலேயே அடுப்படிக்கு வருகிறார். மசாலா டப்பாக்களை எல்லாம் துறைமுக ஒழுங்கில் அடுக்கிவைத்ததில் போன வாரம் சோற்றில் சீரகத்துக்குப் பதில் சோம்பு விழுந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், கோல்ஃப் எனக்குச் சக்களத்தி என்று உங்கள் காதுபடவே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அந்தச் சக்களத்தி வீட்டை விட்டுப் போனதற்கு இன்று நானே மூக்கைச் சிந்துகிறேன்.

இப்போது புதிதாக ஒரு பிடிவாதம். பையைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிடு என்கிறார். அவன் வண்டியோடு தினமும் எங்கள் தெருவில் கூவிக்கொண்டுதான் போகிறான். "சத்தம் கேக்குதே, கூப்பிடு," என்பார். "அது வேற ஆள், பேப்பர் மட்டும் எடுக்கிறவன்," என்பேன். நேற்று, "ஏன் முனீரா, இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே தொண்டையா?" என்று கேட்டார். அந்தப் பை போன நாளில் அவரும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னும் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பேன் என்று தெரியவில்லை.

இனி நான் எழுத வந்த விஷயம். நீங்கள் அங்கே மகனிடம் குடிபோனதிலிருந்து, இந்த மூன்று வருஷமாக, இருவரும் போனில் ஒருவரை ஒருவர் அழைக்கிறீர்கள். "டொரண்டோவுக்கு வா, வீடு உன் வீடு," என்பீர்கள். "நீ இங்க வா, கடல் பக்கத்து அறை உனக்குத்தான்," என்பார். நடு ஆற்றில் போகிற படகுக்காரன் கரையில் நிற்கிறவனைப் பார்த்து, 'வாப்பா, ஒரு வாய் சாப்பிடலாம்' என்று கூப்பிடுவானே, அந்தக் கூப்பாடுதான். படகும் நிற்காது, கரையில் இருக்கிறவனும் நீந்த மாட்டான். வாய்ப்பந்தலில் இரண்டு பேருக்கும் நல்ல நிழல்.

அவர் உண்மையாகவே ஒருவரை அழைத்தால் எப்படி அழைப்பார் என்று உங்களுக்குத் தெரியாததா? "நீ சாப்பிடாமப் போனா என் பொண்டாட்டிக்குத் தலாக்!" என்று வாசலில் நின்று சத்தியம் போடுவார். எத்தனை தட்டு மீனுக்காக என் கல்யாணத்தைப் பணயம் வைத்திருக்கிறார். ஒரு தடவை நீங்கள் உங்கள் சபை நோன்பில் மீன்கூடச் சாப்பிடக் கூடாத நாளில் வந்து, என் தலாக்கைத் தடுக்க இரண்டு கரண்டி அவரைக்காய்க் கூட்டை நின்றபடியே விழுங்கினீர்கள். உங்களை இப்போது அவர் அப்படி அழைக்கவில்லை என்றால் ஆசை இல்லாமல் இல்லை. வந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்.

பெண் போடும் சத்தியத்துக்கு அந்த வலிமை கிடையாது. இருந்தாலும் நான் போடுகிறேன். உங்கள் ஈஸ்டர் முடிந்து மறுநாள், ஊரே புல்தரையில் உட்கார்ந்து உப்பு மீனும் வெங்காயமும் தின்னும் வசந்தப் பண்டிகைத் திங்கட்கிழமைக்கு நீங்கள் இங்கே இல்லையென்றால், மறுநாள் காலை அந்தச் சாமான்காரனை நானே கூப்பிட்டுப் பையைத் தூக்கிக் கொடுத்துவிடுவேன். உங்கள் ஃப்ளாட்டை விற்றுவிட்டீர்கள், தங்க இடமில்லை என்ற சாக்கு வேண்டாம். கடல் பக்கத்து அறையைத் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டுவிட்டேன். மூட்டு வலிக்கு உதவாத மெத்தைதான், உங்கள் முதுகு சமாளிக்கும்.

அந்தப் பண்டிகைக் காலை கிளப்பில் ஜோடி ஆட்டம் இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். அடுத்தவன் பந்து என்ற பேச்சே இல்லை. எங்கே கிடக்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள், அடிப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். கழுதை என்று திட்டுங்கள். எல்லோர் முன்னாலும் திட்டுங்கள். அந்த வார்த்தை கேட்டு அவருக்கு மூன்று வருஷம் ஆகிறது.

கிறிஸ்துமஸ் அன்று நடந்ததற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நேருக்கு நேர் பார்த்தால் எதிரில் இருப்பவரின் முகம் இருக்கும் இடத்தில் அவருக்கு வெறும் கறுப்புதான். காது தெரியும், தோள் தெரியும், முகம் தெரியாது. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினால்தான் ஓரக்கண்ணில் ஆள் முழுசாகத் தெரிகிறார். என்னைப் பார்க்க வேண்டும் என்றால்கூடச் சுவரைப் பார்க்கிறார். அன்று நீங்கள் போனை வைத்த பிறகு, "வஜீஹ் இளைச்சிட்டான். இடது பக்கம் பல்லு ஒண்ணு போயிருக்கு, சிரிக்கும்போது மறைக்கிறான்," என்றார். நான் உங்களை நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அது தெரியவில்லை.

தாலியா திரும்பும்போது பதிலை அவளிடமே சொல்லி அனுப்புங்கள், போனில் வேண்டாம். அண்ணிக்கு என் முத்தம். பேரனுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் பயணத்துக்கு இறைவன் நல்ல வழியும், உங்கள் கால்களுக்குத் தெம்பும் தரட்டும்.

விமான நிலையத்துக்கு நான் அவரைக் கூட்டி வருவேன், யார் வருகிறார் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் எதிரில் வந்து நின்று ஒரு குரல் கொடுங்கள், போதும். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். அப்போது நகர்ந்துவிடாதீர்கள் அண்ணா, அப்படியே கொஞ்ச நேரம் நில்லுங்கள். அவர் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் சகோதரி,
முனீரா