கூரைக் குழாயில் கட்டிய பொலித்தீன்

குருவிட்ட, ஜூன் 14, சனிக்கிழமை காலை. கூரைக்கு மேலே போகும் கக்கூஸ் காற்றுக்குழாயின் வாய், ரப்பர் மரத்தில் மழை படாமல் கட்டுவதுபோல, பொலித்தீனும் தாரும் வைத்து இறுக்கப்பட்டிருந்தது.

கட்டியது நீங்கதான். "மரத்துக்குச் செய்றத வீட்டுக்குச் செய்ய மாட்டேனா?" என்று சிரிச்சீங்க. அன்றிலிருந்துதான் குளியலறையில் நாத்தம். நான் சோறு கொட்டிக் குளியலறைக் குழாயை அடைத்துவிட்டதாக நேற்று சத்தம் போட்டீங்க.

இன்று ஏணி வைத்து ஏறி அவிழ்த்தேன். கீழே நம்ம மகள் நிரோஷா கக்கூஸில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாள். குழாய் வாய்க்கு மேல் ஒரு ரப்பர் இலையைப் பிடித்திருந்தேன். என் கையிலிருந்து அதைக் குழாய் இழுத்துக்கொண்டது. உள்ளே யாரோ மூச்சு இழுத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் இறங்கத் தோன்றவில்லை.

தண்ணீர் இறங்க மேலிருந்து காற்று வேண்டும். மேல்வாய் மூடியிருந்ததால் அது கிடைக்காமல், இறங்கிய தண்ணீர் குளியலறைக் குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. கக்கூஸ் குழியின் வாயு வீட்டுக்குள் வராமல் இத்தனை வருஷம் தடுத்தது அந்த ஒரு கோப்பைத் தண்ணீர்தான்.

குழியைத் திறந்து பார்க்க நீங்க கூப்பிட்ட வேலுசாமி அண்ணன் வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்க. இரண்டு பேரும் குழி மூடியைத் திறக்க வேண்டாம். அந்த வாயுவில் ஒருவர் மயங்கினால், தூக்கப் போகிறவரும் விழுவார். நெருப்புக்குச்சியும் கிட்டே வேண்டாம். நீங்க எனக்கு வேணும்.

ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். நிரோஷாவை வகுப்பில் விட்டுவிட்டு மதியம் வருவேன்.

விஜயகலா

குழாய் வாயில், படுக்கைக்குக் கட்டும் நுளம்பு வலையில் ஒரு துண்டை மட்டும் கட்டியிருக்கிறேன். அதன்மேல் எதையும் கட்டாதீங்க.

குளியலறைக் குழாயின் வளைவில் மறுபடி தண்ணீர் ஊற்றிவிட்டேன். அங்கே இப்போது நாத்தம் இல்லை.