டிராகன் வருஷத்துப் பேரன்

பான் தியெட்
14 ஜனவரி 2013

என் மூத்தவள் தாவோவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? சைகோனில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் பாதியிலேயே சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். பஸ் டிரைவரிடம் கருவாடும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி பெண்டாட்டி லுவாவுக்கு மார்ச்சில்தான் பிரசவம் என்கிறீர்கள். அதற்குள் டிராகன் வருஷம் போய்ப் பாம்பு வருஷம் வந்துவிடும். பாம்பு வருஷத்துப் பிள்ளை நம் மீன்சாறு வியாபாரத்தைக் கட்டி ஆளுமா? ஜோசியர் நாள் குறித்துவிட்டார். பிப்ரவரி பத்தில் வரும் நம் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால், காலை ஒன்பது மணிக்குள். நீ பிரசவ வார்டின் தலைமை நர்ஸ். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல். பேரன்தான், ஸ்கேன் எடுத்த பெண் சொல்லிவிட்டாள்.

உன் அம்மா

சைகோன்
19 ஜனவரி 2013

அன்புள்ள அம்மா,

கருவாடு வந்தது. வார்டு முழுக்க மணந்து எல்லோரும் என்னைத் திட்டித் தீர்த்தார்கள்.

நீங்கள் கேட்டது நடக்காது. போன வருஷம் இங்கே பாதிப் பிள்ளைகளை அறுத்துத்தான் எடுத்தோம், அதில் ஜோசியருக்காக அறுத்தது ஏராளம். இப்போது நல்ல நேரத்துக்காக அறுக்கக் கூடாதென்று நிறுத்திவிட்டோம். ஒரு டாக்டர் சொன்னால் போதாது, இன்னொருவரும் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். வலி வந்தவளை நடக்க வைக்கிறோம், இடுப்பைப் பிடித்துவிடுகிறோம், புருஷனைப் பக்கத்தில் உட்கார வைக்கிறோம். ஆபத்தென்றால் உடனே அறுக்கிறோம். லுவாவுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. நாள் நிறையாமல் எடுத்தால் பிள்ளையின் நுரையீரல் தேறியிருக்காது அம்மா, மூச்சுக்குத் தவிக்கும்.

போன மாதம் சோதனைக்கு வந்தபோது லுவா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்குப் பயமா இருக்கு. அத்தைகிட்ட நீங்கதான் பேசணும்" என்றாள். அவளை இப்போதே என்னிடம் அனுப்பிவிடுங்கள்.

அன்பு மகள்
தாவோ

பான் தியெட்
30 ஜனவரி 2013

தாவோவுக்கு,

உன் ஆஸ்பத்திரியில் கத்தி துருப்பிடித்துப் போய்விட்டதா? பெற்றவளுக்கே சட்டம் காட்டுகிறாய். ஒரு பிள்ளை பெறாத நீ, மூன்று பெற்ற எனக்குப் பிரசவத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறாய்.

இங்கே கடைத்தெருவில் புது கிளினிக் திறந்திருக்கிறார்கள். டாக்டர் தங்கமான மனுஷன். "உங்களுக்கு எந்த நேரமோ அதான்மா எங்களுக்கும் நேரம்" என்றார். உன் தம்பி கியெமும் சரியென்று தலையாட்டிவிட்டான். லுவா மட்டும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "ஏண்டி, டிராகன் குட்டிக்கு அம்மாவாகக் கசக்குதா உனக்கு?" என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீயும் நாள் நிறையாமல் பிறந்தவள்தான், எருமை மாதிரி இருக்கிறாய்.

புத்தாண்டுக்கு வந்து பேரனைப் பார்த்துவிட்டுப் போ.

அம்மா

பான் தியெட்
11 பிப்ரவரி 2013

தாவோவுக்கு,

புது வருஷத்தில் வீட்டுக்கு வந்த முதல் போன் சாவுச் செய்தி. சொல்ல உனக்கு இரண்டு நாள் பொறுக்கவில்லையா?

பிள்ளை குறித்த நேரத்தில்தான் பிறந்தான், டிராகனாகத்தான் பிறந்தான். மூச்சு வாங்கியதும் ஆம்புலன்ஸில் உன்னிடம்தான் அனுப்பினோம். போனது உன் கையில். அதை நினைத்துப் பார்.

உடலை இங்கே கொண்டுவராதே. இந்த நாட்களில் வாசலில் சாவு வந்தால் வருஷம் பூராவும் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அங்கேயே முடித்துவிடு. தையலோடு பஸ் ஏறி ஓடினாளே லுவா, அவளையும் புத்தாண்டு நாட்கள் முடியும் பௌர்ணமி வரை நீயே வைத்துக்கொள். கியெம் வர மாட்டான், புது வருஷத்துக்குக் கடை திறக்கையில் முதலில் படி ஏற ஆண்பிள்ளை வேண்டும். அக்கம்பக்கத்தில் பேரன் சைகோனில் சுகமாக இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறேன், காட்டிக் கொடுத்துவிடாதே.

அடுத்தது குதிரை வருஷம், ஆண் பிள்ளைக்கு உகந்தது என்கிறார் ஜோசியர். லுவாவைத் தேற்றி வை.

அம்மா

சைகோன்
27 பிப்ரவரி 2013

அம்மாவுக்கு,

பௌர்ணமி போய்விட்டது. லுவா அங்கே வர மாட்டாள்.

கியெம் போனில் கூப்பிட்டான். "நீ இங்க ஒரு தடவை வந்துட்டுப் போறியா?" என்று மட்டும் லுவா கேட்டாள். "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றான். அவள் போனை என்னிடம் நீட்டிவிட்டாள்.

நீங்கள் யாரும் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன். பிள்ளை இரண்டு நாள் போராடினான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே இழுத்துக்கொண்டது. நீங்கள் பயந்த பாம்பு வருஷத்தின் முதல் காலையில்தான் போனான். நான்தான் குளிப்பாட்டினேன். எத்தனையோ பேரைப் பொறுத்திருக்க வைத்த எனக்கு என் வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றத் துப்பில்லை. பஸ் ஏறி வந்து லுவாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

லுவாவுக்கு மயக்கம் தெளியும் முன்பே பிள்ளையை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டீர்கள், அவள் இங்கே வந்து சேர்வதற்குள் அவனைத் துணியில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அவள் பிரிக்கச் சொல்லவில்லை, எனக்கும் பிரிக்க மனம் வரவில்லை. இப்போது தினமும் கேட்கிறாள், "யார் மாதிரிக்கா இருந்தான்?" "அப்படியே உன்னை மாதிரிதான்" என்கிறேன். கேட்டுவிட்டுத் தூங்குகிறாள்.

உங்களிடம் பொய் எதற்கு? அந்த நெற்றி, அந்த மூக்கு, அழ வரும்போது பிதுங்கிய கீழுதடு, எல்லாம் நீங்கள்தான் அம்மா. அதை அவளிடம் என்றைக்கும் சொல்ல மாட்டேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

தாவோ