முகத்துவாரம் வரைக்கும்

இன்று காலை பார்சல் ஆபீஸ் வாசலில் ஒரு மீன் கூடை உடைந்தது. போர்ட்டர் இறக்கும்போது அடிப்பக்கம் பிய்ந்து, ஈர ஓலையும் உப்பும் மீனுமாகப் பிளாட்பாரத்தில் கொட்டிவிட்டது. விழுப்புரம் ஜங்ஷனில் தினமும் மீன் கூடை வருகிறது, போகிறது. எல்லாம் கட்டி மூடி வரும். திறந்து நான் பார்ப்பதில்லை. இன்று அந்த வாடை நேராக முகத்தில் அடித்தது. சிதறிக் கிடந்ததில் பாதி கிழங்கான் மீன். காலுக்குக் கீழே சிமென்ட் தரை ஆடுவதுபோல் இருந்தது. எடை போடும் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இன்னா சார், மயக்கமா?" என்று போர்ட்டர் கேட்டான். வெயில் என்றேன்.

நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் சாயங்காலம் வந்து உன்னிடம் சொல்லியிருப்பேன் என்று முதலில் எழுத நினைத்தேன். அது பொய். சொல்லியிருக்க மாட்டேன். அந்த நாளைப் பற்றி நாம் இருவரும் தனியாக இருக்கும்போது பேசியதே இல்லை. ஒரே ஒரு முறை, பஸ்ஸில், நாலு வார்த்தை. அவ்வளவுதான்.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு அது. நம் சரோஜாவுக்கு ஐந்து வயது. திண்டிவனத்தில் உன் பிறந்த வீட்டுக்குப் பொங்கலுக்குப் போயிருந்தோம். உன் அண்ணன் அப்போது மரக்காணத்தில் உப்பு ஆபீஸில் குமாஸ்தா. காணும் பொங்கலுக்கு எங்காவது போகலாமே என்று பேச்சு வந்தபோது, தனக்குத் தெரிந்த படகுக்காரர் ஒருவர் இருக்கிறார், கழுவெளியில் சுற்றிக் காட்டுவார், குழந்தைகூடத் தூண்டில் போடலாம் என்று அவர்தான் சொன்னார். கடலுக்குப் பக்கத்திலேயே கிடக்கும் உப்பங்கழி அது. அலை கிடையாது. பல இடங்களில் இடுப்பளவுதான் ஆழம். "பயப்பட ஒண்ணுமே இல்ல மாப்ள. நம்ம ஊரு ஏரி மாதிரிதான்" என்றார்.

மோட்டார் பஸ்ஸில் மரக்காணம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறவில்லை. அண்ணனுக்கு ஆபீஸில் ஏதோ அவசரம். நம்மைப் படகில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். படகில் நாம் மூவர். பின்னால் துடுப்போடு படகுக்காரர் காத்தவராயன், முன்னால் கழி ஊன்ற அவர் தம்பி. நீ உள்ளே கால் வைத்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உன் முகம் வெளுத்தது. நான் சிரித்தேன். "தோ இங்க குந்துங்கம்மா, ஒண்ணும் ஆவாது" என்று காத்தவராயன் உன்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். நான் நடுப்பலகையில், உன்னைப் பார்த்தபடி.

அந்தக் காலை வேளை எவ்வளவு நன்றாக இருந்தது. காத்தவராயன் இறாலைக் கிள்ளி முள்ளில் கோத்துக் கயிற்றைச் சரோஜாவின் விரலில் சுற்றிக் கொடுத்தார். "இழுக்கிற மாதிரி இருந்தா கத்து பாப்பா." மீன் இழுக்கும் முன்பே கத்தினாள். பிறகு உண்மையாகவே ஒரு கிழங்கான் ஏறியது. அது பலகையில் துள்ளியதும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு என் மடியில் ஏறிக்கொண்டாள். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்து எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தாய். அத்தோடு திரும்பியிருக்கலாம்.

தூரத்தில் கடல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆபீஸில் கூட வேலை செய்கிறவர்களிடம் என்ன சொல்வது? இடுப்பளவு தண்ணீரில் மீன் பிடித்தேன் என்றா? கடலில் போய் வந்தேன் என்று சொல்ல ஆசைப்பட்டேன். இதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

"கடலு வரைக்கும் போய்ப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

காத்தவராயன் தலையை ஆட்டினார். "வேணாங்க. மழைத் தண்ணி இன்னும் வடியுது. வத்தம் வேற, தண்ணி எறங்குற நேரம். கடலு உள்ளாற இழுத்துக்கினு இருக்குது. பாப்பாவை வச்சிக்கினு அந்தாண்ட போறது சரியில்லீங்க."

"கடலுக்குள்ள யாரு போவச் சொன்னா? முகத்துவாரம் வரைக்கும்தான்."

"ஏங்க, அவரே வேணாங்கறாரே" என்றாய் நீ.

நான் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சும்மா இரு, தோ இருக்கிற எடம்" என்றேன். காத்தவராயன் என்னையும் உன்னையும் பார்த்தார். உப்பு ஆபீஸ் குமாஸ்தா வீட்டு மாப்பிள்ளை கேட்கிறான், எப்படி மறுப்பது என்று தயங்கியிருப்பார். தம்பியிடம் ஓரமாகவே போகச் சொன்னார்.

தண்ணீரின் நிறம் மாறியது முதலில். பிறகு படகு தானாக வேகம் எடுத்தது. கழி ஊன்றிய தம்பி திரும்பி, "அண்ணே, தரை எட்டல" என்றான். அதைச் சொன்ன குரலில்தான் எனக்கு முதல் பயம் வந்தது. காத்தவராயன் படகைத் திருப்பப் பார்த்தார். திரும்பவில்லை. கரை இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. படகுக்கு எதிரே வெள்ளையாக ஒரு கோடு எழுந்து விழுந்தது. கடலும் உள்ளிருந்து பாயும் தண்ணீரும் மோதுகிற இடம்.

"எல்லாரும் கீழ குந்துங்க. எதையாவது புடிங்க. சார், புள்ளைய வுடாதீங்க."

அவர் அதைத் தெளிவாகச் சொன்னார். காதில் விழவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல முடியாது.

சரோஜா என் மடியில்தான் இருந்தாள். என் இரண்டு கையும் அவளைச் சுற்றித்தான் இருந்தன. முதல் அலை படகின் மூக்கைத் தூக்கியது. அடுத்தது பக்கவாட்டில் வந்தது. படகு சாய்ந்தது. என் முகத்துக்கு நேராகத் தண்ணீர் சுவர்போல் நின்றது. அப்போது என் கைகள் அவளை விட்டுவிட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டன.

கை தானாகப் போயிற்று என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். யாருடைய கை போயிற்று?

அவள் வழுக்கிக்கொண்டு போனதை மடியில் உணர்ந்தேன். கனம் குறைந்தது. கண்ணைத் திறந்தபோது அவள் தலையும் தோளும் படகுக்கு வெளியே தண்ணீரில் இருந்தன. நீ குப்புற விழுந்து அவள் காலை ஒரு கையால் பிடித்திருந்தாய். உன் முழங்கால் இரண்டும் பலகைக்குக் கீழே மாட்டியிருந்தன. அதுதான் உன்னைப் படகில் வைத்திருந்தது. நீ கத்தவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. எனக்கு எட்டும் தூரம்தான். பலகையை விட்டால் போதும். விடவில்லை. நீயே அவளை இழுத்தாய், கொஞ்சம் கொஞ்சமாக, அடுத்த அலை வருவதற்குள். உள்ளே வந்து விழுந்ததும் அவள் வாந்தி எடுத்தாள், பிறகு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபோதும் என் கை பலகையில்தான் இருந்தது.

காத்தவராயன் எப்படியோ படகை அலைக்கு நேராகத் திருப்பி, வெள்ளைக் கோட்டைத் தாண்டி வெளியே கொண்டுபோய்விட்டார். அங்கே கடல் எழும்பித் தாழ்ந்தது, ஆனால் அலை உடையவில்லை. "இப்ப உள்ள போவ முடியாதுங்க. ஓதம் ஏறணும், கடல் தண்ணி உள்ள திரும்பணும். அது வரைக்கும் இங்கதான்" என்றார்.

எத்தனை மணி நேரம் இருந்தோம் என்று தெரியாது. உச்சி வெயிலில் தொடங்கி, நிழல் சாயும்வரை. கரை தெரிந்தது. பனைமரங்களை எண்ணலாம்போல் தெரிந்தது. அதனால் பயம் குறையவில்லை, கூடியது. ஒவ்வொரு முறை படகு தாழும்போதும் கரை மறைந்துபோகும். மீண்டும் தெரியும்வரை நான் மூச்சு விடமாட்டேன். தம்பி மரச்சட்டியால் தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டே இருந்தான். இறைக்க இறைக்க அடியில் ஊறிக்கொண்டிருந்தது. ஒரு பலகை விரிசல் விட்டிருந்தது. அதை நமக்குச் சொல்லக் கூடாது என்று அண்ணன் தம்பி இருவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். நான் பார்த்துவிட்டேன். நீயும் பார்த்தாய் என்று நினைக்கிறேன். முந்தானையைச் சுருட்டி அந்த விரிசலில் காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாய். சரோஜா உன் தோளில் தூங்கிப்போனாள்.

ஒரே ஒரு முறை நீ பேசினாய். "அவளுக்கு வெயில் படுது. உங்க துண்டைக் குடுங்க." கொடுத்தேன். உன் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தேன்.

திரும்பி உள்ளே வந்தது ஒரே மூச்சில் முடிந்தது. ஒரு அலையின் முதுகில் படகை ஏற்றி, காத்தவராயனும் தம்பியும் தோள் பிய்ந்துபோகிற மாதிரி துடுப்புப் போட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். திறந்தபோது உப்பங்கழி, கொக்கு, சேறு. கரையில் பத்துப் பதினைந்து பேர். நடுவில் உன் அண்ணன். படகு வெளியே போய்விட்டது என்று யாரோ சொல்லி ஆபீஸிலிருந்து ஓடி வந்திருக்கிறார். அவர் சட்டை முழுக்க வியர்வை.

"யாரு கடலுக்குப் போவச் சொன்னது?" என்று காத்தவராயனைப் பார்த்து ஆரம்பித்தார்.

"அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நாங்கதான் கேட்டோம்" என்றாய் நீ. நாங்கள். உன் அண்ணன் என் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "அலையில புள்ளை வழுக்கிடுச்சிண்ணா. இவருதான் எட்டிப் புடிச்சாரு. இல்லன்னா போயிருக்கும்."

உன் அண்ணன் முகம் மாறியது. வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் தோளுக்கு மேலாகக் காத்தவராயனைப் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்த மனிதர். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து படகிலிருந்த தண்ணீரை இறைக்கத் தொடங்கினார்.

திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னே?"

"வேற இன்னா சொல்றது?" என்றாய். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய்.

அதற்குப் பிறகு அது நம் குடும்பத்தின் கதையாகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் யாராவது கேட்பார்கள். வளவனூரில் உன் சித்தி வீட்டுக் கல்யாணத்தில் பந்தி நடுவே உன் அண்ணன் எழுந்து நின்று சொன்னார். நீயும் தலையாட்டினாய். உன்மேல் கோபம்கூட வந்தது. உண்மையைச் சொல்லித் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று நினைத்தேன். அதுவும் பொய்யாகத்தான் இருக்கும்.

நான் சரோஜாவைத் தூக்குவதை விட்டுவிட்டேன். நீ கவனித்திருப்பாய். ரோட்டில் போகும்போது உன் பக்கம் தள்ளிவிடுவேன். ஒருநாள் ஜங்ஷன் பக்கத்தில் தண்டவாளம் தாண்ட வேண்டியிருந்தது. தூரத்தில் என்ஜின் ஊதியது. நீ சட்டென்று நின்று, அவள் கையை எடுத்து என் கையில் வைத்தாய். "புடிச்சிக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாய். அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னாலேயே தாண்டினேன். என் கை வியர்த்து அவள் கை நழுவிவிடுமோ என்று மணிக்கட்டைப் பிடித்தேன். அன்றிலிருந்துதான் மறுபடியும் அவளுக்கு அப்பா ஆனேன்.

இன்று சாயங்காலம் அவளிடம் சொல்லிவிட்டேன். பதினாறு முடியப்போகிறது, டீச்சர் ட்ரெய்னிங்குக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். ஊரே சொல்லும் கதை பொய், உன்னை விட்டது நான், பிடித்தது அம்மா என்றேன். பேனாவை மூடி வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அல்லது எழுந்து போய்விடுவாள் என்று. அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"அம்மாவுக்குப் பயமா இல்லியாப்பா?"

தெரியவில்லை என்றேன்.

"நீங்க கேக்கலியா?"

கேட்கவில்லை. நீ போகும்வரை கேட்கவில்லை. என் வெட்கத்தையே சுமந்துகொண்டு திரிந்தவனுக்கு, அந்தப் படகில் இன்னொருத்தி இருந்தாள், படகில் கால் வைக்கும்போதே முகம் வெளுத்தவள், அவளுக்கும் பயம் இருந்திருக்கும் என்று தோன்றவே இல்லை.

"எனக்குத் தண்ணியெல்லாம் ஞாபகம் இல்லப்பா" என்றாள் சரோஜா. "கால் வலிச்சதுதான் ஞாபகம் இருக்குது."

அவள் சொன்னதும் எனக்கும் ஞாபகம் வந்தது. கணுக்காலுக்கு மேலே உன் நான்கு விரலும் கட்டைவிரலும் பதிந்த தடம். முதலில் சிவப்பாக இருந்து, மறுநாள் கறுத்து, பத்து நாளுக்குமேல் அவள் காலில் இருந்தது. நீ தினமும் நல்லெண்ணெய் தடவி நீவிவிட்டாய். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் போவேன். உன் பயம் முழுவதும் அங்கேதான் இருந்திருக்கிறது. நான் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சரோஜா காலை நீட்டி உட்கார்ந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.