மிதுஷாவின் பெயர் இல்லாத கார்

4 மார்ச் 2024, திங்கள்

எங்கள் வீட்டில் ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. வீட்டோடு தங்கிப் பிள்ளை பார்க்கும் மிதுஷாவை, காப்புறுதியில் அவளுடைய பெயரே இல்லாமல், போன இலையுதிர் காலத்திலிருந்து கார் ஓடவிட்டிருக்கிறார்கள். "எல்லாம் போட்டாச்சு" என்று அவளிடம் சொன்னவன் என் மருமகன் துஷாந்த். என் மகள் துர்க்காவுக்கும் அது தெரியும்.

இன்று பின்னேரம் பிளாசாவில் மீன் வாங்கிக்கொண்டு வந்து காரில் ஏறினோம், ஓடுவது மிதுஷா. பின்னால் ஒரு வெள்ளைக் கார் பார்க்காமல் றிவேர்ஸ் எடுத்து வந்து இடித்தது. நான் கத்தினேன். பேத்தி அட்சயா அழுதாள். மிதுஷா கத்தவில்லை. முதலில் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இறங்கிப் போனாள். இடித்தவர் றொபேட் என்று ஒரு முதியவர், "சொறி, சொறி" என்று சொல்லிக்கொண்டே நின்றார். அவரை இருத்தித் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் அவருடைய விபரங்களைக் கேட்டாள், படம் எடுத்தாள். மட்டக்களப்பில் பள்ளிக்கூட வான் ஓடினவள் என்று சொல்லியிருக்கிறாள். நான் அதை ஒரு பேச்சுக்கென்று நினைத்திருந்தேன். இல்லை. உண்மையான சாரதி.

வீட்டுக்கு வந்ததும் துஷாந்திடம் போனாள்.

"அண்ணா, கார் இடிபட்டதை இன்சூரன்சுக்குச் செல்லணும். நான்தான் ஓடினன் எண்டு செல்லலாந்தானே?"

"சின்னக் கீறல்தானே, விடும். நானே செய்விக்கிறன்."

"என்ட பேர் இரிக்கா, இல்லையா அண்ணா?"

அவன் மீன் பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டான். இரவு துர்க்காவைக் கேட்டேன், பெயர் போடவில்லைதான் என்றாள்.

5 மார்ச்

காலையில் கார்த் திறப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "என்ட பேரைப் போட்டுட்டுத் தாங்க." அவ்வளவுதான். குரல் உயரவில்லை. அட்சயாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாள்.

நானாக இருந்தால் அரைமணி நேரம் கத்தியிருப்பேன்.

7 மார்ச், வியாழன்

காப்புறுதிப் புத்தகத்தை அகராதியோடு உட்கார்ந்து வாசித்து முடித்தேன். என் ஆங்கிலம் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் அல்ல, சாரதிக் கைநூலிலும் தொழிற்சாலைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல்களிலும் நானே பொறுக்கியது. அது போதும். வீட்டில் வசிக்கும், லைசன்ஸ் உள்ள எல்லோரையும் கம்பனிக்குச் சொல்லத்தான் வேண்டும். அந்த வரிகள் உள்ள பந்தியைச் சாப்பாட்டு மேசையில் உரக்க வாசித்துக் காட்டினேன்.

துஷாந்த் சிரித்தான். "மாமா, ஸ்காபரோவில அரைவாசிப் பேர் உப்பிடித்தான் ஓடுகினம்."

"அரைவாசிப் பேர் உன்ரை பிள்ளையைப் பின்சீற்றில வைச்சுக்கொண்டோ ஓடுகினம்?"

மிதுஷாவின் பெயரைப் போடும்வரை நானும் அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று அறிவித்தேன். யாரும் என்னை ஏறச் சொல்லிக் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் அறிவித்தேன்.

8 மார்ச்

சிவராத்திரி. கோயிலுக்குப் பஸ்ஸில் போனேன். இரண்டு பஸ் மாற வேண்டும். கால் வீங்கிவிட்டது. சொல்லமாட்டேன்.

9 மார்ச், சனி

துஷாந்த் இன்று வாயைத் திறந்து சொல்லிவிட்டான்: "ஓடமாட்டா எண்டால் ஓடக்கூடிய வேறை ஆளைத்தான் பாக்க வேணும்." அவள் பக்கத்து அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துதான் சொன்னான்.

அதன் பொருள் இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த வேலைக்காலத்தை முடித்தால்தான் அவள் இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம். இன்னும் கோடை முடியும்வரை இருக்கிறது. இடையில் வேலை போனால் வேறு வீடு தேட வேண்டும், கடிதங்கள், காத்திருப்பு, எல்லாம் மறுபடியும். அவளுடைய தாய் தெய்வநாயகி ஊரில், மட்டக்களப்புக் கல்லடியில், இவளுடைய காசில்தான் இருக்கிறா.

"பயமில்லையா பிள்ளை?" என்று கேட்டேன்.

"பயந்தான் அங்கிள். ஓடி ஒண்டு நடந்தா இன்னும் பயம்."

இப்படி யோசிக்கிற ஆட்களை என் எழுபத்திரண்டு வயதில் எத்தனை பேரைக் கண்டிருக்கிறேன்? என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

12 மார்ச், செவ்வாய்

மார்ச் விடுமுறை. அட்சயாவை மிருகக்காட்சிச்சாலைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போகிறேன் என்று மிதுஷா புறப்பட்டாள். முதலில் ராகுலனிடம் போவோம் என்றேன். ராகுலன்தான் எங்கள் காப்புறுதி முகவர். துஷாந்தோடு படித்தவன். மூவரும் போனோம்.

ராகுலன் தேநீர் தந்தான். மிதுஷாவின் பேச்சைக் கேட்டுவிட்டு அவளிடம் கேட்டான்: "தங்கச்சி மட்டக்களப்போ? கதை இழுக்குது."

"ஓம் அண்ணா, கதை இழுக்கும். கார் இழுக்காது."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் விஷயத்துக்கு வந்ததும் அவன் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக் குரலைத் தணித்தான்.

"அங்கிள், இவவைச் சேர்க்கிறது பிரச்சினை இல்லை. சேர்த்தால் எங்க இருக்கிறா எண்டு கேப்பாங்கள். ரூஜில, உங்கடை வீட்டில. கார் எங்க நிக்குது? பிக்கரிங்கில."

"கார் எங்கடை வாசலில நிக்குது."

"பேப்பரில பிக்கரிங்கில. துஷாந்தின்ரை அக்காவின்ரை வீட்டில. அங்க இன்சூரன்ஸ் காசு குறைவு, எல்லாருக்கும் நான் அப்பிடித்தான் செய்து குடுக்கிறனான். அப்ப, பிக்கரிங்கில நிக்கிற காரை ரூஜில இருக்கிற பிள்ளை என்னெண்டு ஒவ்வொரு நாளும் ஓடுறது? நீங்களே சொல்லுங்கோ."

அவள் பெயரை ஏன் போடவில்லை என்று இப்போதுதான் விளங்கியது. அவளைச் சொன்னால் வீட்டைச் சொல்ல வேண்டும், வீட்டைச் சொன்னால் பொய் வெளியே வரும். என் சொந்த வீட்டில் எனக்குத் தெரியாமல்! நான் அறியாத காரியம் இந்த வீட்டில் இன்னும் எத்தனை?

ராகுலன் வழி கண்டுபிடித்தான். "சிம்பிள் அங்கிள். தங்கச்சியும் அங்க அக்காவோடை இருக்கிறா எண்டு போடுவம்."

மிதுஷா தேநீரை வைத்துவிட்டு எழுந்தாள். "நான் இருக்காத வீட்டில என்னைக் குடிவெக்காதீங்க அண்ணா. இமிகிறேசனில நான் குடுத்த அட்ரஸ் அங்கிள்ட வீடு. ரெண்டு வீட்டில இருக்க ஒரு ஆளால ஏலாது."

வெளியே வந்ததும் அட்சயாவிடம் கேட்டாள்: "புலியா, யானையா முதல்ல?" பிள்ளைக்கு ஒன்றும் தெரியவரவில்லை. நானும் அவர்களோடு போனேன். கால் வலித்தாலும் போனேன்.

13 மார்ச்

துஷாந்தோடு பேசவில்லை. அவனும் பேசவில்லை. நல்லது.

15 மார்ச், வெள்ளி

நான் சொன்னதை ஒருவரும் எடுக்கவில்லை. பந்தி வாசித்தேன், பஸ்ஸில் போனேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். ஒரு பலனும் இல்லை. இன்று மிதுஷா துர்க்காவிடம் இரண்டு நிமிடம் பேசினாள்.

குசினியில் துர்க்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். மிதுஷா பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்தாள்.

"அக்கா, அண்டைக்கு அந்த மனிசன் மெல்லத்தான் இடிச்ச. வேகமா இடிச்சிருந்தா, அட்சயாவுக்கு ஒண்டு நடந்திருந்தா, கம்பனிக்காரன் கேக்கிற முதல் கேள்வி ஆர் ஓடின எண்டு. அப்ப நீங்க என்ன செல்லுவீங்க?"

துர்க்கா கத்தியை வைத்தாள். துஷாந்த் வரும்வரை அவள் வெங்காயத்தைத் தொடவில்லை. அவன் வந்ததும், "திங்கட்கிழமை நான் கம்பனிக்குப் போன் அடிக்கப்போறன். இந்த வீட்டு அட்ரசைக் குடுக்கப்போறன்" என்றாள்.

"விசரே? எவ்வளவு கூடுமெண்டு தெரியுமே?"

"கூடட்டும். உமக்கு விருப்பமில்லாட்டி நீர் போய் அக்கா வீட்டில இரும். உம்மடை கார் அங்கதானே நிக்குது."

என் மகள்!

18 மார்ச், திங்கள்

துர்க்கா ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். நாங்கள் எல்லோரும் மேசையில். கம்பனிப் பெண் பண்பானவள். பிழையை நாங்களாகவே சொன்னபடியால் முகவரியைத் திருத்திக் கட்டணத்தைக் கூட்டுவார்களாம், காப்புறுதியை வெட்டமாட்டார்களாம். மிதுஷாவின் லைசன்ஸ் இலக்கம், ஊரில் ஓடிய காலம், எல்லாம் எழுதினாள். அவளுடைய சாரதிப் பதிவு சுத்தம் என்றாள். நான் மேசையில் தட்டினேன்.

அப்போது அந்தப் பெண் கேட்டாள்: வீட்டில் லைசன்ஸ் உள்ள வேறு யாராவது?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் உரக்க வாசித்த அதே பந்தி. ஒருதரம் கூட என்னை நினைக்காமல் வாசித்திருக்கிறேன்.

என்னையும் போட்டால் கட்ட முடியாத தொகை வருகிறது. போன வருடம் நான் இடித்த கராஜ் கதவு, அதற்கு முன் அயலவரின் வேலி. இல்லையென்றால் இந்தக் காரை ஒருநாளும் ஓடமாட்டேன் என்று நான் கையெழுத்து வைக்க வேண்டும்.

ஏலாது என்றேன். நாப்பது வருசம் ஓடினவன் நான். பனியில ஓடினவன், நெடுஞ்சாலையில ஓடினவன். என்னட்டையே கேக்கிறியள்? அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டேன்.

20 மார்ச், புதன்

யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். மேசையில் அந்தப் படிவம் கிடக்கிறது. நான் அதைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிடுகிறேன்.

மிதுஷா தேநீர் கொண்டுவந்தாள். அவளாவது கேட்பாள், அப்போது ஒரு பாடு பாடலாம் என்று காத்திருந்தேன்.

"அங்கிள், நீங்க ஒப்பம் வெக்காட்டி நான் கோவிக்கமாட்டன். என்ட பேருக்காகத்தானே நான் இவ்வளவும் நிண்ட நான். உங்கட பேரை எடுங்க எண்டு நான் எப்பிடிக் கேக்கிற?"

தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நீதி பேசுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். நானே ஒருவன். தனக்கு நட்டம் வரும் பக்கத்தில் நின்று அதையே பேசுகிறவளை இப்போதுதான் காண்கிறேன்.

21 மார்ச்

ஒப்பம் வைத்தேன். தெளிவாக, முழுப் பெயர், மகேஸ்வரன் என்று. என்னை யாரும் வற்புறுத்தவில்லை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

25 மார்ச், திங்கள்

புதிய பத்திரம் வந்தது. சாரதிகள்: துஷாந்த், துர்க்கா, மிதுஷா. அவள் அதை வாசித்துவிட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு, அட்சயாவின் சீற் பட்டியை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒரே வீச்சில் வாசலிலிருந்து றிவேர்ஸ் எடுத்தாள். அழகு.

இனிச் செய்ய வேண்டியவை, யார் செய்வது என்பதோடு. ராகுலனிடம் இனி வேண்டாம் என்று சொல்லி வேறு முகவர் பார்ப்பது, துர்க்கா. பிக்கரிங் அக்காவிடம் போய் இனி அவள் வீட்டுக்குக் காப்புறுதிக் கடிதம் வராது என்று சொல்வது, துஷாந்த், நேரில். கோடை முடிய மிதுஷாவின் விண்ணப்பத்துக்கு வேலைக் கடிதம் எழுதுவது, இருவரும், இழுத்தடிக்காமல். நான் வாசித்துப் பார்ப்பேன். புதன்கிழமை என்னைக் கண் வைத்தியரிடம் கொண்டுபோவது, மிதுஷா. முன்சீற்றில் இருந்து பிறேக் பிடி, பிறேக் பிடி என்று சொல்லாமல் இருப்பது, நான்.