தொட்டியில் கல் உப்பு கிடந்த வருஷம்

அன்புள்ள அக்கா,

இந்த ராத்திரி நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். போனில் பேசலாம் என்றால் உங்கள் குரல் கேட்டதும் 'பெரிம்மா' என்று பிடுங்கிக்கொள்கிறாள். அப்புறம் எனக்கு எங்கே பேச்சு?

சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் பிளீச்சிங் பவுடர் வாசனை போகவில்லை. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியில் பவுடர் கரைத்து ஊற்ற இன்று என் முறை, அஞ்சலை அக்காவோடு. இந்த வாசனை வந்தாலே உங்கள் சிரிப்பும் சேர்ந்து வந்துவிடுகிறது. நீங்கள் கோயம்புத்தூர் போனபின் தெருவில் அப்படி யாரும் சிரிப்பதில்லை.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். உள்ளாட்சித் தேர்தல் வருகிறது. உங்கள் வார்டில் என்னை நிற்கச் சொல்கிறார்கள். என்னை! பல்லி கத்தினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறவளை. நம் தெருவிலிருந்து யாரும் நிற்காவிட்டால் பஜார் காண்டிராக்டர் வீட்டம்மா போட்டியில்லாமல் வந்துவிடுவார். அந்தம்மாவுக்கு உப்பளத்தை ஒட்டி இப்படி ஒரு தெரு இருப்பதே தெரியுமோ என்னவோ.

நீங்கள் வார்டு மெம்பராக இருந்த கடைசி வருஷத்தை நினைத்துப் பார்க்கிறேன். உங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் வந்து குறை சொன்னாலும் முழுசாகக் கேட்பீர்கள். பிறகு, "சரி, பொடவ மாத்திக்கினு வா, ஆபீசுக்குப் போலாம்" என்பீர்கள். பாதிக் குறைகள் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். "இல்லக்கா, அடுப்புல உல இருக்குது" என்று நழுவுவார்கள். நான் மட்டும்தான் உண்மையாகவே புடவை மாற்றிக்கொண்டு வந்து நிற்பேன். கொசு மருந்து அடிக்கவில்லை, பயம். தெருவிளக்கு எரியவில்லை, பயம். பால்வாடிக் கூரை ஒழுகுகிறது, அதற்கும் பயம். பேரூராட்சி அலுவலக பெஞ்சில் என் மடியில்தான் பாப்பா உட்காரவே கற்றுக்கொண்டாள். அங்கே வாட்ச்மேன் அவளைப் பார்த்ததும், "வந்துட்டாங்கப்பா குட்டி மெம்பரு" என்று பிஸ்கட் எடுப்பார்.

தொட்டித் தண்ணீர் கரித்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. சுனாமிக்கு அடுத்த மழைக்காலம். பாப்பா பாலை வாயில் வைத்ததும் துப்பினாள். குடித்துப் பார்த்தேன், உப்பு. தெருவில் எல்லா வீட்டிலும் அதே கதை. கடல் இந்தத் தடவை பூமிக்கடியில் வருகிறது, போர்வெல்லில் பூந்துவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். பையில் பாப்பா துணியைத் திணித்துக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நின்றேன்.

"அக்கா, நான் திண்டிவனம் போறேன். எங்கம்மா ஊட்டுக்கு."

"போ, யாரு வேணாங்கறா. போறதுக்கு முன்னாடி என்கூட ஒரு எட்டு வந்துட்டுப் போ."

தொட்டியடிக்குக் கூட்டிப்போய் மோட்டாரைப் போட்டு, போர்க்குழாயில் வந்த தண்ணீரைக் கையில் பிடித்துக் குடிக்கச் சொன்னீர்கள். நல்ல தண்ணீர். தொட்டிக் குழாயில் பிடித்தால் உப்பு. "அப்ப கடலு இல்லடி, நம்ம ஆளுங்கதான் யாரோ" என்று சொல்லி, புடவையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினீர்கள். எனக்கும் ஒரு படி கீழே இடம் கொடுத்தீர்கள். மூடியைத் திறந்தால், தொட்டியின் அடியில் கரைந்தும் கரையாமலும் கல் உப்பு மினுங்கிக்கொண்டிருந்தது.

அஞ்சலை அக்கா உப்பளத்திலிருந்து திரும்பி வந்தவர், கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சமும் அசரவில்லை.

"ஆமா, பவுடருக்குப் பதிலா நான்தான் போட்டேன். அந்த நாத்தம் புடிச்ச பவுடரு பச்சப் புள்ளைங்க வவுத்துக்கு ஆவுமா? எங்க உப்புப் பாத்தியில ஒரு புழு உசுரோட நெளிஞ்சு பாத்திருக்கீங்களா? கால்ல புண்ணு வந்தாக்கூட நாங்க அதுலதான கழுவுறோம்!"

"நல்லா செஞ்ச அஞ்சல. ரெண்டு மாங்காயும் நறுக்கிப் போட்டிருந்தியானா, தெருவுக்கே ஊறுகா ஆயிருக்கும்" என்றீர்கள்.

முதலில் சிரித்தது அஞ்சலை அக்காதான். தொட்டியைக் கழுவும்போதும் அவர்தான் உள்ளே இறங்கினார். கடல் வரவில்லை என்ற சந்தோஷத்தில் ஈரத்தோடு எல்லாரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். நான் பையைப் பிரித்துத் துணியை மறுபடி அலமாரியில் வைத்தேன்.

அதே அஞ்சலை அக்கா இன்று முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு பவுடரைக் கரைத்தபடியே சொன்னார்: "வேற யாரு நிப்பா? பயந்து பயந்தே நீ எல்லா ஆபீசு வாசலும் மிதிச்சுட்ட. எங்களுக்கு எந்த ரூமுல யாரு குந்தினு இருக்காங்கன்னுகூடத் தெரியாது."

வீட்டுக்கு வந்து பாப்பாவின் அப்பாவிடம் சொன்னேன். "நில்லு. ஆனா ஜெயிச்சப்புறம் எம்மேல மனு எழுதிப் போட்றாத" என்றார். சிரித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் வரும் நாளில் கூட்டம் வைத்தால்? பஜார்க்காரர்கள் வாசலில் வந்து சத்தம் போட்டால்? நம் தெருவே எனக்கு ஓட்டுப் போடாவிட்டால்?

அக்கா, அந்த வருஷம் முழுக்க நீங்கள் ஒரு தடவைகூட என்னிடம் 'பயப்படாதே' என்று சொன்னதில்லை. மற்ற எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்; அம்மாவும் சேர்த்து. நீங்கள் என் பயத்தைக் கேட்டுக்கொண்டீர்கள், பிறகு அதையும் கூட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். உங்களிடமிருந்து எனக்குத் தங்கியது அதுதான். இப்போதும் பயம் போகவில்லை. அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வேலையைப் பார்க்க முடிகிறது.

நிற்கப் போகிறேன். கடைசி நாள்வரை காத்திருந்தால் மனசு மாறிவிடும். அதனால் திங்கட்கிழமையே வேட்புமனு கொடுக்கிறேன். அவர் லீவு போட்டுப் பாப்பாவைப் பார்த்துக்கொள்வார். அஞ்சலை அக்கா அன்று உப்பளத்துக்குப் போகாமல் கூட வருகிறார்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். முதல் கூட்டத்தில் நீங்கள் எழுந்து பேசியபோது உங்களுக்கும் பயம் இருந்ததா? எனக்குத் தைரியம் சொல்வதற்காக மாற்றி எழுத வேண்டாம். நடந்ததை அப்படியே எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள் அக்கா.