நோக்கம் என்றால் நோக்குவது

என் தங்க மருமகளே, ஞானப்பூ,

தும்மினால் வேளிமலை ஒரு முழம் நகர்ந்து உட்காரும், மகாராஜா பொன்னுதம்புரானே பல்லக்கை நிறுத்தி வழி கேட்கும் பெருமை படைத்த உன் தாய்மாமன் எழுதுகிறேன். பரலோகத்தில் எல்லோரும் நலமா? என் பெயரைச் சொல்லியிருப்பாய். எழுந்து நின்றிருப்பார்களே!

சிரிக்காதே. உன்னிடம் ஒன்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு பெரிதாகத் தொடங்குகிறேன்.

உன் அம்மா வேதக்கோவிலுக்கு வருவதில்லை. உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள்: "ஏலே தம்பி, எம்பிள்ளைய ஆண்டவரு என்னத்துக்குலே படைச்சாரு?" சோறு வைத்தாலும் இன்றைக்கும் அவளுக்கு அதே கேள்விதான்.

அவளைத் தைத்தது, கோவிலில் வேதபாடம் நடத்தும் உபதேசியாரின் சிரிப்பு. திருவிருந்தில் சேர்வதற்கான வகுப்பில், "மனுஷனுடைய நோக்கம் என்ன?" என்று கேட்டாரே. மற்றவர்கள் பாடம் ஒப்பித்தார்கள். நம்ம பக்கத்தில் நோக்குவது என்றால் பார்ப்பதுதானே? நீ எழுந்து, "ஆளுகள நோக்குதது" என்றாய். அவர் வயிறு குலுங்கச் சிரித்து, "இன்னும் ஒரு வருஷம் படிச்சிட்டு வாட்டி" என்றார். அந்த வருஷம் முடியுமுன் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. திருவிருந்தின் அப்பத்தைத் தொடாமலே போனாய்.

ஆனால் நீ நோக்கினாய். எந்தக் கூரையில் புகை இல்லை, கோவில் பாயில் யார் இடம் காலி என்று பார்த்து, சூம்பிய காலை இழுத்து இழுத்துப் போய் அந்த வாசலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பாய். திரும்பி வந்து, "அந்த வீட்டு ஆளு எந்திரிக்கல்லே" என்பாய். அவ்வளவுதான். ஒரு வேலைக்கும் ஆகாத குட்டி என்றது ஊர்.

மக்களே, என் பிள்ளையே, உள்ளதைச் சொல். நோக்குவதை நீ இன்னும் நிறுத்தவில்லையா?

கொத்தனார் மனைவி பிரசவ வலியெடுத்துத் தனியே கிடந்தபோது படலுக்கு அப்பால் நீ நின்றாயாம். பயத்தில் அவள் போட்ட அலறலைக் கேட்டுத்தான் அக்கம்பக்கம் ஓடியது. "என் மருமகள் பரலோகத்திலும் அடங்க மாட்டாள்" என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

இன்று நடுப்பகலில் அந்தப் பெருமை அடங்கியது. ஆரல்வாய்மொழிக் காற்று தென்னைகளைப் பிடுங்கி இலங்கைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. என் வாசலில் மட்டும் ஓர் ஓலை அசையவில்லை. நாய் எழுந்து, ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்து வாலாட்டியது. பிடரியில் யாரோ பார்க்கிற குளிர். திரும்பினேன். மணலில் காலை இழுத்த கோடு. அது என் வாசலோடு நிற்கவில்லை. வாய்க்காலைத் தாண்டி, தனியாக வாழும் உபதேசியாரின் வீட்டுக்குப் போயிற்று. அங்கே கூரையில் புகை இல்லை.

அவர் நிழல் விழுந்த வழியை மிதிக்க மாட்டேன் என்று கோவில் முற்றத்தில் சபதம் போட்டவன் நான். கஞ்சிக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காய்ச்சலில் உதடு வெடித்து, பாயோடு பாயாகக் கிடந்தார்.

"வந்துட்டீரா வேய்? காலம்பற இருந்து அவ நிக்கா."

"எவ?"

"உம்ம மருமவ. ஒண்ணும் பேசல்லே. நோக்கிட்டே நிக்கா."

"சிரிச்சாளா?"

"இல்ல வேய். நான்தான் அழுதேன்."

கஞ்சியை ஊட்டினேன். இரண்டு வாய் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அவ தப்பாச் சொல்லல்லே. மனுஷனப் படைச்ச நாள் முதலா ஆண்டவரு செய்யுததும் அதுதானே? அவரு சாயல் அவகிட்ட அப்படியே இருந்துது. நான் பாடத்தத் தேடிட்டு இருந்தேன்."

"இத எங்கிட்ட சொன்னாப் போராது. எங்க அக்காகிட்ட சொல்லும்."

"சொல்லுதேன். அவ போகல்லே, பாரும்."

பார்த்தேன். வாசலில் வெயில்தான் நின்றது. ஆனால் அந்த வெயில் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, மக்களே.

அவர் எழுந்து நடக்கும்வரை காத்திருக்க மாட்டேன். நாளைக் காலையில் முதுகில் சுமந்துபோய் உன் அம்மா முன்னால் இறக்குவேன். நீ எதற்காகப் படைக்கப்பட்டாய் என்பதை அவர் வாயாலேயே அவள் கேட்பாள். மதம் பிடித்த யானையை இடுப்பில் வைத்துத் தாலாட்டியவனுக்கு ஓர் உபதேசியார் எம்மாத்திரம்! யானை பொய். மற்றது சத்தியம்.

இன்று ராத்திரி நான் அவர் பக்கத்தில்தான் படுக்கிறேன். எனக்குப் பயம்தான். இருந்தாலும் நீ போய்விடாதே.

இப்படிக்கு,
உன் அம்மாவோடு கூடப்பிறந்த,
வாய் பெருத்த தாய்மாமன்.