சிங்கப்பூர் பிக்கப்

இஞ்சேருங்கோ,

ஈயம் உருகுகிற மணம் மூக்கில் ஏறியதும், நீங்கள்தான் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். நீங்கள் இல்லை. அது திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில், வாத்தியங்கள் பழுதுபார்க்கிற ஒரு திருத்தகம். மேசையில் உங்களுடைய கிற்றார் தந்தி கழற்றி, வயிறு திறந்து கிடந்தது. நீங்கள் கண்ணை மூடி ஆறு வருடமாகிறது. இந்த வயதுக்குமேல் இனி எதற்குத் திடுக்கிடப் போகிறேன் என்றுதான் கதிரையில் இருந்தேன். எழும்பும்போது அந்த எண்ணம் பொய்யாகிவிட்டது.

கம்பஸில் படிக்கிற எங்கள் பேத்திதான் இப்போது அதை வாசிக்கிறாள். வருகிற சனிக்கிழமை அவளுடைய குழுவுக்கு மேடை. கழுத்துப் பக்கத்துப் பிக்கப் செத்துவிட்டது. அடிப்பக்கத்தில் இருப்பது, நீங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த சிங்கப்பூர் பிக்கப், ஒரே இரைச்சல். "இரண்டையும் கழட்டிப்போட்டுப் புதுசு போடுவம் அப்பம்மா. உங்கடை சொத்து, நீங்கள் வந்து ஓம் எண்டு சொன்னால்தான் கை வைப்பன்" என்றாள். போனேன்.

பிக்கப் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தமும், அதைச் சுற்றித் தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பியும். அந்தக் கம்பியை ஒருகாலத்தில் நானே சுற்றியிருக்கிறேன்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம் அது. காங்கேசன்துறை உப்புக்காற்று அடிப்பக்கத்துப் பிக்கப்பின் கம்பியைத் தின்றுவிட்டது. வெளிநாட்டுச் சாமான் லேசில் நாட்டுக்குள் வராத காலம். பழைய டெலிபோன் மணிக்குள் இருந்த கம்பியை எங்கேயோ பிடித்துக்கொண்டு வந்து, "நீர் மெசினிலை நூல் சுத்துற மாதிரி இதைச் சுத்தித் தாருமப்பா" என்றீர்கள். என் கைத்தையல் மெசினில், நூல்கட்டை சுற்றுகிற இடத்தில் மாட்டி, நான்கு மத்தியானம் சுற்றினேன். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எட்டாயிரத்துச் சொச்சம் வரை எண்ணினேன். ஒரு சுற்றுப் பிசகவில்லை.

பிசகியது வேறொன்று. எண்பதாவது கொட்டையை எடுக்கக் கையை நீட்டிய நேரம் கம்பி அறுந்தது. நீங்கள் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றீர்கள். நுனிகளைச் சுரண்டி, முறுக்கி, மேலே நகத்துக்குப் பூசுகிற என் சிவப்புக் கியூடெக்ஸில் ஒரு பொட்டு வைத்து மூடினேன். உங்களிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்து சொன்னீர்கள்: "சத்தமே வரேல்லையப்பா. நீர் சுத்தினது சரிவராது. கப்பல்காரன் ஒருத்தனிட்டைச் சொல்லிச் சிங்கப்பூர்ச் சாமான் ஒண்டு எடுப்பிச்சிட்டன்." என் முடிச்சுத்தான் கெடுத்தது என்று நினைத்து மெசினை மூடி வைத்தேன்.

பிறகொரு நாள் உங்கள் இசைக்குழுக்காரர் வீட்டுக்கு வந்தார்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்தபோது ஒருவர், "மச்சான், நல்லவேளை மனிசி சுத்தின கம்பியோடை மேடைக்கு ஏறேல்லை. ஏறியிருந்தால் தையல் மெசின் சத்தம்தான் வந்திருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மற்றவர், "கேளடா உந்தச் சத்தத்தை. சிங்கப்பூர் சிங்கப்பூர்தான்!" என்றார். நீங்கள் தலையைக் குனிந்து தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்தச் சிரிப்பை ஐம்பது வருடம் விழுங்கினேன். யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடிய நாளில் என் மெசினை விட்டுவிட்டுக் கிற்றாரைத் தோளில் போட்டீர்கள். வழி முழுக்க நான் ஏசியது நினைவிருக்கிறதா? கிற்றாரை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தீர்கள் நீங்கள்.

இனித் திருத்தகத்துக்கு வருகிறேன். திருத்துகிறவர் சிங்கப்பூர் பிக்கப்பின் மூடியைக் கழற்றினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அம்மா, உது கொம்பனிச் சாமான் இல்லை. ஆரோ வீட்டிலை வைச்சுச் சுத்தியிருக்கினம். நல்ல கை" என்றார். எட்டிப் பார்த்தேன். கறுத்துப்போன செப்புக் கம்பியின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு.

"அது நான் சுத்தினது."

"அப்பம்மா, பகிடி விடாதேங்கோ. அது சிங்கப்பூர்."

"சிங்கப்பூர் எண்டது உன்ரை அப்பப்பா சொன்ன பொய்."

பேத்தி குனிந்து அந்தக் கம்பியைப் பார்த்தாள். உங்களைப் பற்றி அப்படியொரு சொல் என் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. திருத்துகிறவர்தான் மெதுவாகக் கேட்டார்: "அப்ப இந்த இரண்டாவது பொட்டும் நீங்களோ?"

ஒரு விரலகலம் தள்ளி, சின்னதாய் இன்னொரு பொட்டு. வெளிக்கம்பியை ஈயம் வைத்து ஒட்டிய இடம். அதே சிவப்பு. எனக்கு ஈயம் பிடிக்கத் தெரியாது. அந்த வீட்டில் அது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். என் பொட்டைக் கண்டுதான் பக்கத்தில் அதே மாதிரி வைத்திருக்கிறீர்கள். கியூடெக்ஸ் போத்தல் குறைந்துவிட்டதென்று அந்த மாதம் உங்கள் தங்கச்சியோடு சண்டை பிடித்தேனே! இப்போது யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

வேலை முடியவேண்டுமே. இரைச்சலுக்குக் காரணம் நான் சுற்றிய சுருள் இல்லை, ஏர்த் கம்பி விட்டுப்போனதுதான் என்றார். ஆகவே கழுத்துப் பக்கத்துக்குப் புதிதாய் ஒன்று தெரிந்தெடுத்தால் போதும். இரண்டு பிக்கப்புகளை ஒவ்வொன்றாகத் தற்காலிகமாகப் பூட்டிக் காட்டினார். முதலாவது இரட்டைச் சுருள், இடிமாதிரி. "இதுதான், இதுதான்!" என்று பேத்தி துள்ளினாள். அங்கிருந்து சுவிட்சை என்னுடையதுக்கு மாற்றியதும் கிணற்றுக்குள் நின்று ஆரோ கதைப்பதுபோலக் கேட்டது. "பிறகு ஒருநாளும் இந்தப் பக்கம் திருப்பமாட்டாய் பிள்ளை" என்றேன். அடுத்தது ஒற்றைச் சுருள், மெல்லிய காந்தம். மீற்றரில் அதன் அளவும் என்னுடையதும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒலித்தபோது பேத்தி கையை நிறுத்தாமல் என்னைப் பார்த்தாள். "இதையே பூட்டுங்கோ" என்று அவள்தான் சொன்னாள்.

வரும் வழியில், பஸ்ஸுக்குள், "ஆரும் கேட்டால் என்னெண்டு சொல்ல அப்பம்மா?" என்றாள்.

"காங்கேசன்துறைச் சாமான் எண்டு சொல்லு."

எனக்கு இன்னும் நெஞ்சு ஆறவில்லை. நண்பர்களின் பகிடிக்குப் பயந்தீர்கள் என்றால் அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம் அந்தப் பொய்யை. எனக்கு ஏன்? என் பக்கத்தில் படுத்து எழும்பிய மனிசன் நீங்கள், நான் சுற்றிய கம்பியிலேயே இத்தனை மேடையிலும் வாசித்துவிட்டு வந்து, என் கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

இன்று காலையில் புளி கரைத்தேன். பழக்கம் விடவில்லை, கொட்டைகளை எண்ணிக்கொண்டுதான் எடுக்கிறேன். எத்தனை எடுத்தாலும் எண்பதுக்குக் கிட்ட வரும்போது கை தானாக நின்றுவிடும். கம்பி அறுந்த இடம் அது, எனக்கு மட்டுமே தெரிந்த இடம் என்று இவ்வளவு நாளும் இருந்தேன்.